ரயில்வே கேட்டில் கொதித்த வண்டி

அந்த யோசனை எனக்குத் தோன்றியபோது என் தலை திரைக்கு அந்தப் பக்கம் இருந்தது, உடம்பு இந்தப் பக்கம் இருந்தது.

ஆம்பூர் ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்களுக்கு முன்னால் ஆவாரம்பட்டை ஏற்றிய மாட்டுவண்டிகள், பின்னால் பச்சைத்தோல் ஏற்றிய மாட்டுவண்டிகள், நடுவில் தோல் பதனிடும் ஷாப்பு முதலாளி வீட்டு மோட்டார். மோட்டாரின் மூக்கிலிருந்து ஆவி புஸ்ஸென்று கிளம்பியது. டிரைவரான என் மாமா குதித்து இறங்கி முன்பக்கம் ஓடினார். பின் ஸீட்டில், சுற்றிலும் திரை தொங்க, முதலாளியின் அக்கா ஆபா உட்கார்ந்திருந்தார். அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்பதற்காக நான் முன் ஸீட்டில் முழங்காலிட்டுத் திரும்பி, நடுத்திரையின் ஓரத்தைத் தூக்கித் தலையை மட்டும் உள்ளே நுழைத்திருந்தேன்.

உள்ளே அடுப்பு. அத்தரும் வெற்றிலையும் வேர்வையும் கலந்த கனமான சூடு. ஆபா விசிறியைக்கூட நிறுத்திவிட்டிருந்தார்.

"ஓடறப்போ ஒண்ணும் தெரியல பாப்பா. நின்னாத்தான் உயிர் போவுது" என்றார்.

தலையை வெளியே இழுத்தேன். நனைந்த முகத்தில் காற்றுப் பட்டுச் சில்லென்றது. எதிரே மாமா, வண்டியின் முகத்தில் கட்டியிருந்த தோல் சட்டையின் வார்களை அவசர அவசரமாக அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

வண்டிக்கும் திரை போட்டிருக்கிறதே! ஓடும்போது தெரியாது. நின்றால்தான் உயிர் போகும்.

யோசனை அவ்வளவுதான். அதைச் சொல்ல ஒரு மூச்சுகூட வேண்டாம். ஆனால் அந்தக் கோடை முழுவதும் பெரியவர்கள் எல்லாரும் அதைச் சுற்றிச் சுற்றி வந்தும் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை.

மோட்டார் சத்தம் கேட்டால் தெருமுனை வரைக்கும் பின்னால் ஓடிய என் வயதுக்காரர்களே, உங்களுக்கு அந்த வண்டி நினைவிருக்கும். இப்போது குடியாத்தத்துக்கும் வேலூருக்கும் பஸ் ஓடுகிறது. டிக்கெட் எடுத்து உட்கார்ந்து தூங்கிக்கொண்டே போகிறோம். நாம் பாவாடை கட்டிய நாளில் மோட்டார் என்பது தரிசனம். இருபது வயதைத் தாண்டியவுடனே பழைய நாளைப் பேச ஆரம்பித்துவிட்டாள் என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். நான் எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அது கடைசியில் வரும். எனக்கும் பொறுமை இல்லைதான், ஆனால் வரிசை தப்பினால் கதை புரியாது.

என் அப்பா நான் தவழும்போதே போய்விட்டார். அம்மாவின் தம்பிதான் எங்களை ஆம்பூருக்கு அழைத்து வந்தார். பட்டணத்தில் மோட்டார் ஓட்டக் கற்றவர் என்பதால் முதலாளி அவரைத் தேடிப் பிடித்திருந்தார். ஷாப்புக்குப் பின்னால் இருந்த வரிசை வீடுகளில் ஒன்று எங்களுக்கு. காலையில் கண் திறக்கும் முன்பே மூக்கு திறந்துவிடும்: சுண்ணாம்புக் குழியின் காட்டம், ஊறும் பட்டையின் துவர்ப்பு. அந்த வாசனையோடுதான் பள்ளிக்கூடம் போவேன். பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவள் கொஞ்சம் தள்ளி உட்காருவாள். பிறகு அவளும் மோட்டாரில் ஏற ஆசைப்பட்டு நெருங்கி வந்துவிட்டாள்.

ஏனென்றால் நான் மோட்டாரில் போகிறவள். அதுவும் முன் ஸீட்டில்.

அந்தப் பதவி எனக்கு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். முதலாளி வீட்டுப் பெண்கள் கோஷா. வண்டியின் இரண்டு பக்கமும் திரை, பின்னால் திரை, டிரைவர் ஸீட்டுக்கும் பின் ஸீட்டுக்கும் நடுவில் ஒரு தடித்த பச்சைத் திரை. அந்நிய ஆண்பிள்ளையான டிரைவரோடு அவர்கள் நேராகப் பேசுவது வழக்கமில்லை. ஆகவே வண்டி கிளம்பும்போதெல்லாம் ஒரு சின்னப் பெண் கூடவே போக வேண்டும். அங்கே சொன்னதை இங்கே சொல்லி, இங்கே சொன்னதை அங்கே சொல்வது அவள் வேலை. அதிகமாக வண்டியில் போகிறவர் முதலாளியின் அக்கா. அவர்கள் பேச்சில் அக்காவுக்கு ஆபா என்று பெயர். முதலாளிக்கு அவர் ஆபா, அதனால் ஊருக்கே ஆபா. கணவரை இழந்து தம்பி வீட்டோடு இருந்தவர். கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த தன் மகள் வீட்டுக்கும், சில நாள் வேலூருக்கும் போவார்.

"டிரைவரக் கேளு, மாதனூர் தாண்டிட்டமா?" என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

"மாமா, மாதனூர் தாண்டிட்டமான்னு கேக்கறாங்க."

"இப்பத்தான் தாண்டனம்னு சொல்லு."

"இப்பத்தான் தாண்டனமாம்."

மாமாவின் முதுகுக்கும் ஆபாவின் முழங்காலுக்கும் நடுவில் அந்தத் துணி மட்டும்தான். ஒருவர் மூச்சு விடுவது மற்றவருக்குக் கேட்கும். ஆனாலும் நான் திருப்பிச் சொல்கிற வரைக்கும் எந்த வார்த்தையும் போய்ச் சேர்ந்ததாகக் கணக்கில்லை. ஒருநாள் நான் தூங்கிப்போனேன். இறங்க வேண்டிய வீட்டைத் தாண்டி வண்டி போய்க்கொண்டே இருந்தது. பின்னால் ஆபா இருமினார். முன்னால் மாமாவும் மரியாதையாகப் பதிலுக்கு இருமினார். ஆபா வளையலைக் குலுக்கினார். மாமா ஹாரனை அமுக்கினார். நான் கண் விழித்தபோது பள்ளிகொண்டா வந்திருந்தது.

இனி தோல் சட்டை.

பட்டணத்தில் எங்கள் ஷாப்பின் சரக்கை வாங்கிச் சீமைக்கு அனுப்புகிற துரை ஒருவர் இருந்தார். அவர் கொடுத்த ஒரு படப்புத்தகத்தில் மோட்டார் வண்டிகளின் படங்கள். அதில் ஒரு வண்டியின் முகத்தில், அதாவது ரேடியேட்டரின் மேல், அழகான தோல் சட்டை மாட்டியிருந்தது. முதலாளிக்கு அந்தப் பக்கத்தைத் திருப்ப மனமே வரவில்லை. வண்டி பாலைக் கொட்டியது போன்ற வெள்ளைத் தரையில் நின்றது. தோல் ஷாப்பில் இருந்த எவருக்கும் அதில் ஒரு சந்தேகமும் எழவில்லை. சுண்ணாம்புக் குழிகளுக்குப் பக்கத்தில் எங்கள் தரையும் அப்படித்தான் வெளுத்துக் கிடக்கும்.

"பாத்தியா டிரைவர், சீமையிலயும் மோட்டார ஷாப்பு வாசல்லதான் நிறுத்தறான்" என்றார் முதலாளி. "அவன் தோல்ல அவன் போட்டுக்கறான். நம்ம தோலு இன்னா மட்டமா?"

படத்தில் இருந்த சட்டைக்கு நடுவில் சுருட்டி மேலே கட்டிவைக்கிற மாதிரி ஒரு மடிப்பு இருந்தது. சட்டையைத் தைக்கக் கூப்பிட்டிருந்த குதிரைச் சேணக்காரர் அதைக் காட்டி, அதையும் வைக்கட்டுமா என்று கேட்டார்.

"நடுவுல ஜன்னல் வெச்சா நம்ம முத்திரைய எங்க போடறது? அதெல்லாம் வேணாம், ஒரே துண்டாப் போடு."

போட்டார். எங்கள் ஷாப்பின் முதல்தர ஆட்டுத்தோல், கறுப்பு மெருகு, உள்ளே சிவப்புக் கம்பளி, நட்டநடுவில் ஷாப்பின் பேரீச்சமர முத்திரை. பக்கத்துக்கு இரண்டு வார். நான் அதைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன். பூனைக்குட்டியின் வயிறு போல இருக்கும். மாமா தினமும் காலையில் விளக்கெண்ணெய்த் துணியால் அதைத் துடைப்பார். அவருக்கு முதலாளியைவிட அதன்மேல் பெருமை ஜாஸ்தி.

மாட்டியது மாசிக் கடைசியில். சித்திரையில் வண்டி கொதிக்க ஆரம்பித்தது.

வேலூர் ரோட்டில் பறந்தால் ஒன்றுமில்லை. புளியமரங்கள் பின்னால் ஓடும், பாலாற்று மணல் பளபளக்கும், திரைகள் பாய்மரம் போல உப்பும். கடைத்தெருவில் நுழைந்ததுமே வினை. மாட்டுவண்டிகளுக்குப் பின்னால் மாட்டைப் போல நடக்க வேண்டும். கேட் மூடியிருந்தால் நிற்க வேண்டும். நின்ற கொஞ்ச நேரத்தில் ரேடியேட்டர் மூடிக்குள் கடகடவென்று சத்தம், பிறகு ஆவி, பிறகு செம்பழுப்பாய் வெந்நீர். மாமா இறங்கி ஓடி, சட்டை நனைந்துவிடுமே என்று முதலில் அதை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொள்வார். பிறகு ஈரச் சாக்கை வைத்து மூடியைத் திறப்பார், தண்ணீர் ஊற்றுவார், ஆறுகிற வரை நிற்பார், ஆறியதும் சட்டையைத் திரும்ப மாட்டிக் கிளம்புவார்.

வண்டிக்காரர்கள் விடுவார்களா?

"இன்னா டிரைவரே, சோறு வெந்துச்சா?"

"கொஞ்சம் பொறுங்க, நான் பருப்பு எடுத்துகினு வர்றேன்!"

"நம்ம மாடு என்னிக்காச்சும் கொதிச்சுதாப்பா?"

மாமாவின் காது சிவந்துவிடும். அவர் பதில் பேசமாட்டார். திரைக்குள்ளிருந்து ஆபா, "அந்தப் பருப்புக்காரன் யாருன்னு பாத்து வெய்யி பாப்பா" என்று கிசுகிசுப்பார். கோபமா சிரிப்பா என்று எனக்குத் தெரியாது.

மாமா சும்மா இருக்கவில்லை. என்ஜினின் சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீர், ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் இறங்கி, காற்றில் ஆறி, திரும்ப என்ஜினுக்குப் போக வேண்டும். இந்தச் சுற்றில் எங்கோ கோளாறு என்பது அவருக்குத் தெரியும். ரேடியேட்டருக்குப் பின்னால் சுழலும் விசிறியின் வார் தளர்ந்திருக்கிறது என்று ஷாப்பிலேயே புது வார் வெட்டி மாட்டினார். சலவை ஸோடா கரைத்த தண்ணீர் விட்டு ரேடியேட்டரை அலசினார்; துரு வந்தது, துரு நின்றது, கொதிப்பு நிற்கவில்லை. ரப்பர் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தார். எண்ணெய் மாற்றினார். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருந்த, என்ஜினில் பொறி விழும் நேரத்தை மாற்றுகிற கம்பியை ஒரு பல் முன்னும் ஒரு பல் பின்னும் தள்ளிப் பார்த்தார்.

ஒவ்வொன்றையும் செய்து முடித்ததும் ஷெட்டில் கைப்பிடியைச் சுற்றி என்ஜினை ஓடவைத்துச் சோதிப்பார். மணிக்கணக்கில் நின்ற இடத்திலேயே ஓடும். கொதிக்கவே கொதிக்காது!

"பாரு, பசு மாதிரி நிக்குது" என்பார் என்னிடம். "கேட்டாண்ட போனாத்தான் இதுக்குப் பேய் பிடிக்குது."

ஷெட்டில் கொதிக்காதது கேட்டில் ஏன் கொதிக்கிறது? இந்தக் கேள்விக்கு ஆளுக்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். கடைத்தெருவில் பறக்கும் பட்டைத்தூள் உள்ளே போய் அடைக்கிறது என்றார் மாமா. ஷாப்புக் கிணற்றுத் தண்ணீர் உப்பு, அதுதான் கொதிக்கிறது என்றார் முதலாளி. ஊர்க்கண் என்றாள் அம்மா. ஒருநாள் விடியற்காலையில் போய் வண்டிக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தாள். அன்று மத்தியானமே பூசணித்தோல் உலர்வதற்குள் வண்டி கேட்டில் ஆவி விட்டது.

இப்படியே விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்தது. ஒருநாள் முதலாளி மாமாவைக் கூப்பிட்டனுப்பினார். நான் ஷாப்பு வாசலில் காய்ந்த தோல்களுக்கு நடுவே நின்று கேட்டேன்.

"வர்ற வாரம் துரை வர்றாரு. ஸ்டேஷன்லேருந்து நம்ம வண்டிலதான் கூட்டினு வரணும். நம்ம சட்டைய அவரு பாக்கணும். கேட்டாண்ட வண்டி நிக்கும். அப்போ அவர் மூஞ்சில ஆவி அடிச்சுதுன்னா, டிரைவர், நீ சாவிய மேஜை மேல வெச்சுட்டுப் போய்க்கினே இரு. இந்த பேஜார் எனக்கு வாணாம்."

மாமா சரி என்று தலையாட்டினார். வீட்டுக்கு வந்து, ரங்கூனில் டிரைவர் வேலை கிடைக்கிறதாமே என்று யாரையோ விசாரிப்பது போல அம்மாவிடம் சொன்னார். அம்மா அழவில்லை. கையில் இருந்த வாணலியைப் புளி போட்டுத் தேய்த்தாள். ஏற்கெனவே பளபளத்ததைத் திரும்பவும் தேய்த்தாள். மாமா கப்பலேறினால் அந்த வீடு இல்லை, என் பள்ளிக்கூடம் இல்லை. வந்தவாசிப் பக்கத்தில் அப்பாவின் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். என்னை எருமை மேய்க்க அனுப்பலாமா, கல்யாணம் செய்து அனுப்பலாமா என்று யோசிக்கிறவர்கள். எனக்கு அது அப்போதே தெரியும். குழந்தைகளுக்கு இந்த மாதிரி விஷயங்கள் மட்டும் யாரும் சொல்லாமலே தெரிந்துவிடுகின்றன.

அதற்கு மறுநாள்தான் நான் முதலில் சொன்ன அந்த நிமிஷம். தலை உள்ளே, உடம்பு வெளியே.

ஆபாவை இறக்கிவிட்டு ஷெட்டுக்குத் திரும்பியதும் மாமாவிடம் கொட்டிவிட்டேன். அவர் சிரித்தார்.

"சட்டை போட்டா கொதிக்குமா? நீயுந்தான் சட்டை போட்டுகினு இருக்கற. கொதிக்கறியா?"

"நின்னாத்தான் மாமா! ஓடறப்போ சட்டை அடில தூக்கிக்குது, காத்து பூந்துடுது. நின்னா எங்கேருந்து பூரும்?"

"ஷெட்டுல நின்னுகினேதானே ஓடுது? அங்க ஏன் கொதிக்கல?"

"அப்ப சட்டை எங்க இருக்கும்?"

"ஆணில" என்றார் மாமா சட்டென்று. தண்ணீர் தெறித்து மெருகு போய்விடக் கூடாதென்று ஷெட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அவர் அதைக் கழற்றிச் சுவரில் மாட்டுவார். அன்றும் மாட்டியிருந்தார். திரும்பி அந்த ஆணியைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கையில் இருந்த எண்ணெய்த் துணி கீழே விழுந்தது.

அவருக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

"இத மொதலாளிகிட்ட யாரு போய் சொல்றது?" என்றார். "'நீங்க ஆசையாப் போட்டதுதான் வண்டியக் கொல்லுது'ன்னு நானா சொல்லணும்? அதுக்கு சாவிய இன்னிக்கே வெச்சுட்டுப் போலாம். துரை பாக்கணும்னுதானே அத மாட்டறாரு."

"கழட்டிட்டு ஓட்டுங்க."

"முத்திரை இல்லாம ஸ்டேஷனுக்குப் போனா, அதுக்கும் சாவிதான்."

எனக்கு அங்கே நிற்கப் பொறுக்கவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் பூகோள வகுப்பு. டீச்சரம்மா சுவரில் தொங்கவிட்ட படத்தில் அதே வெள்ளைத் தரை! நான் எழுந்து, "அது சுண்ணாம்பா டீச்சர்?" என்றேன். வகுப்பே சிரித்தது. அது உறைபனி, குளிர் தேசத்தில் மழைக்குப் பதிலாக விழும் என்றார் டீச்சரம்மா. வீட்டில் கணப்பு இல்லாவிட்டால் குடத்துத் தண்ணீர்கூடக் கல்லாகிவிடுமாம். வகுப்பு சிரித்து முடிக்கும் முன்பே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே முதலாளி வீட்டுக்கு ஓடினேன். நான் பெண்பிள்ளை, உள்கட்டுக்குப் போக என்னை யாரும் தடுக்கமாட்டார்கள்.

ஆபா பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொன்னேன். திரை, சட்டை, ஆணி, உறைபனி எல்லாவற்றையும் ஒரே வாக்கியத்தில் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"இரு இரு. அந்தப் படத்துல இருந்தது சுண்ணாம்பு இல்லியா?"

"இல்ல ஆபா. பனி. அங்க வண்டிக்குக் குளிரும். அதுக்குப் போத்திவிடறது."

ஆபா பாக்குவெட்டியைக் கீழே வைத்தார். தோள் குலுங்கியது. கண்ணில் நீர் வரும்வரை சத்தமில்லாமல் சிரித்தார். "யா அல்லா! சித்திர மாசத்துல ஆம்பூர்ல நம்ம வண்டிக்கு ரஜாய் போத்தி வெச்சுட்டானே!" பிறகு சிரிப்பை நிறுத்தி என்னைக் கூர்ந்து பார்த்தார். "நெஜமா? பாத்துட்டுத்தான் நம்புவேன். நாளைக்கு வண்டி வரட்டும்."

மறுநாள் வண்டி வாசலுக்கு வந்தது. ஆபா ஏறித் திரையை இழுத்துவிட்டார்.

"டிரைவர்கிட்ட சொல்லு, சட்டையக் கழட்டி உள்ள குடுக்கட்டும்."

சொன்னேன். மாமாவின் கழுத்து விறைத்தது. "மொதலாளி பாத்தா திட்டுவாருன்னு சொல்லு."

"மொதலாளிய இடுப்புல தூக்கி வளத்தவ சொல்றேன்னு சொல்லு."

சட்டை கழன்றது. திரையின் அடியில் ஒரு கை வந்து அதை உள்ளே இழுத்துக்கொண்டது. எனக்குத் தெரிந்து அந்த வண்டி வெறும் முகத்தோடு கிளம்பி வெகு நாளாகியிருந்தது.

கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று முன்னும் பின்னுமாகப் பெட்டிகளைக் கோத்துக்கொண்டிருந்தது. அது முடிவதற்குள் உட்கார்ந்த இடத்தில் ஒருவன் தூங்கி எழலாம். வண்டிக்காரர்கள் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு எங்கள் பக்கம் சௌகரியமாகத் திரும்பி நின்றார்கள். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. மாமா அதை நிறுத்தவில்லை. நான் மூடியையே பார்த்தேன். ஒரு ஈ வந்து அதன்மேல் உட்கார்ந்து, சூடு தாங்காமல் பறந்தது. கடகட சத்தம் வருமா? மாட்டின் மணி, பெட்டிகள் மோதும் சத்தம், வெற்றிலை மெல்லும் சத்தம். அது மட்டும் வரவில்லை.

மாமா இறங்கிப் போய் உள்ளங்கையை மூடியின்மேல் வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார். அப்படியே நின்றார். வெயிலில் அவர் நிழல் வண்டியின் முகத்தில் விழுந்தது. அதையும் உணர்ந்தவர் போல ஒரு அடி விலகி நின்றார், காற்றுக்கு வழி விட்டு.

"இன்னாப்பா, இன்னிக்கு அடுப்பு பத்தலியா?" என்றான் பருப்புக்காரன்.

"வெறகு தீந்துடுச்சு" என்றார் மாமா. அந்தக் கோடையில் அவர் அவனுக்குச் சொன்ன முதல் பதில் அதுதான்.

அவர் வந்து உட்கார்ந்ததும் திரைக்குப் பின்னால் வளையல் குலுங்கியது. பிறகு, "டிரைவர்கிட்ட சொல்லு. இத்தினி நாளு அவரு வண்டிய நல்லாத்தான் வெச்சிருந்தாருன்னு சொல்லு. தப்பு அவருது இல்லன்னு சொல்லு."

மாமாவுக்கு ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. கண்ணில் தெரிந்தது. ஆனாலும் முன்னே பார்த்தபடி, நான் சொல்வதற்காகக் காத்திருந்தார். நான் சொன்னேன். என் வாழ்க்கையில் எந்தப் பாடத்தையும் அவ்வளவு தெளிவாக ஒப்பித்ததில்லை.

"சந்தோஷம்னு சொல்லு" என்றார் மாமா.

சட்டை திரும்ப வண்டிக்கு வரவேயில்லை. அன்று சாயங்காலம் நான் உள்கட்டில் இருக்கும்போதே முதலாளி வந்தார்.

"ஆபா, அந்த சட்டை உங்ககிட்ட இருக்குதாமே. துரை வர்றாரு..."

"எனக்கு முதுகு வலி. வண்டில முதுகுக்கு வெச்சுக்க மெத்துன்னு இருக்குது."

"துரை பாக்கணும்னு..."

"துரைக்கும் முதுகு வலியா?"

முதலாளி திரும்பிப் போய்விட்டார். ஆபா சட்டையைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் செருகிக்கொண்டு பாக்கு வெட்டத் தொடங்கினார்.

துரை வந்த அன்று பெண்கள் யாரும் வண்டியில் இல்லாததால் எனக்கும் இடமில்லை. கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பட்டைவண்டியின் சக்கரத்தில் ஏறி நின்றுகொண்டேன். கேட் மூடியது. எங்கள் மோட்டார் வந்து நின்றது. துரை தொப்பியால் விசிறிக்கொண்டார். முதலாளி இரண்டு நிமிஷத்துக்கு ஒருமுறை முன்னால் குனிந்து மாமாவின் காதில் ஏதோ கேட்டார். மாமா தலையை இல்லை என்று ஆட்டினார். ஆவி வரவில்லை. ரயில் போயிற்று. கேட் திறந்தது. மோட்டார் தண்டவாளத்தின்மேல் குதித்துக் குதித்து அந்தப் பக்கம் இறங்கிப் போனது. நான் நின்ற சக்கரத்தைச் சுற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. மாடு அசைபோட்டது.

சாவி மாமாவிடமே இருந்தது. துரை வந்த அன்று காலையில் வண்டிக்கு வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்த முதலாளி அதற்குப் பிறகு எல்லாரிடமும் சொன்னார்: "நான் சொல்லல? வீட்டுக் கெணத்துத் தண்ணி ஊத்தனதும் நின்னுடுச்சு பாரு!" அன்றிலிருந்து வண்டிக்கென்று வீட்டுக் கிணற்றிலிருந்து தவலையில் தண்ணீர் போயிற்று. அவர் ஏமாந்துபோனார் என்று நானும் மாமாவும் பல வருஷம் சிரித்தோம்.

இப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தச் சட்டையைப் பற்றி அவர் அதற்குப் பிறகு ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. படப்புத்தகமும் மேஜையிலிருந்து மறைந்துவிட்டது. அந்தச் சித்திரையிலேயே மாமாவின் ஷெட்டுக்குக் காற்று வர ஜன்னல் வைக்கச் சொன்னார், யாரும் கேட்காமலே. தெரிந்துகொண்டவர் தெரிந்துகொண்டதாகக் காட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லாமல் ஆபா ஒரு முதுகுவலியை ஏற்பாடு செய்துகொடுத்தார். அக்கா தம்பிக்கு நடுவிலும் ஒரு திரை உண்டு போலிருக்கிறது. அதில் தூதுபோக யாரையும் வைத்துக்கொள்ளவில்லை.

சரி, காரணத்துக்கு வருகிறேன்.

முதலாளி இப்போது புது வண்டி வாங்கியிருக்கிறார். மாமா அதை ஓட்டிக்கொண்டு பாதி நாள் பட்டணத்தில் இருக்கிறார். பழைய வண்டி ஷெட்டில் நிற்கிறது. ஆபாவுக்கு முட்டி வலி வேறு சேர்ந்துவிட்டது; மகள் வீட்டுக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை. நான் வேலூரில் டீச்சர் படிப்பை முடித்தேன். அதோடு இன்னொன்றும் முடித்தேன். போன மாதம் கோட்டையைச் சுற்றி மோட்டார் ஓட்டிக் காட்டி லைசென்ஸ் வாங்கிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி கடைசிவரை கதவைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

ஆபாவிடம் போய்ச் சொன்னேன். பாக்கு வெட்டும் கை நின்றது.

"நீ ஓட்டுவியா? நீயே?"

"நானே."

"அப்போ," என்றார் யோசித்து யோசித்து, "நடுத்திரை எதுக்கு?"

எனக்கு இது தோன்றவே இல்லை! பக்கத்துத் திரைகள் இருக்கட்டும், அது அவர் வழக்கம். ஆனால் ஓட்டுகிறவள் பெண் என்றால் நடுவில் என்ன மறைப்பு? முன் ஸீட்டுக்கு அருகில் புதிதாக ஒரு பக்கத்திரை தைத்துவிட்டால் போதும், முன் கண்ணாடிக்கு அவருடைய புர்கா இருக்கிறது. என் பக்கத்திலேயே உட்கார்ந்து வரப்போகிறாராம். வண்டி எப்படிக் கொதிக்கிறது என்று இந்தத் தடவை நேரில் பார்க்க வேண்டுமாம்.

மாமாவுக்குத்தான் மனசில்லை. ரேடியேட்டர் கிழமாகிவிட்டது, இரண்டு இடத்தில் பற்றவைத்திருக்கிறது, எனக்குக் கை பழகவில்லை என்கிறார். கூட வரவும் முடியாது, இடமும் இல்லை, முறையும் இல்லை. "கடைத்தெருவுல நீ போற வேகத்துக்கு நான் பின்னாலயே நடந்து வர்றேன்" என்கிறார். வரட்டும்.

வருகிற வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த பிறகு கிளம்புகிறோம். கேட் திறந்திருக்கிற நேரமாகப் பார்த்துப் போ என்று அம்மா சொல்கிறாள். நான் ஜோலார்பேட்டை வண்டி வருகிற நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, அதற்குச் சரியாகப் போய் நிற்கப் போகிறேன். பட்டைவண்டிகளுக்கு நடுவில், என்ஜினை நிறுத்தாமல். பருப்புக்காரன் இன்னும் வண்டி ஓட்டுகிறான், அவனுக்கும் சொல்லியாகிவிட்டது.

நான் குள்ளம் என்பதால் ஸ்டீயரிங்குக்கு மேலே ரோடு தெரிவதில்லை. நேற்று ஆபா பெட்டியைத் திறந்து ஒரு மூட்டையை எடுத்துக் கொடுத்தார். கறுப்பு மெருகு வெடித்திருக்கிறது, சிவப்புக் கம்பளியைப் பூச்சி அரித்திருக்கிறது, பேரீச்சமரம் மட்டும் அப்படியே இருக்கிறது. நாலாக மடித்து ஸீட்டில் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ரோடு முழுவதும் தெரிகிறது.

கேட்டில் நிற்கும்போது ஆபா என்ன சொல்வாரோ தெரியாது. எதைச் சொன்னாலும் என்னிடம்தான் சொல்வார். நான் அதை யாருக்கும் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை.